காலநிலை மாதிரிகளில் முகிலைக் கணக்கில் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி காலத்தில் யாழ்ப்பாணத்து வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தால் பகல் வெயில் தணியும். ஆனால் இரவுப் புழுக்கம் விடாது. முகில் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, நிலத்திலிருந்து எழும் வெப்பத்தையும் தடுத்து வைக்கிறது. இதில் பாதியை மட்டும் பார்த்து, முகில் என்றாலே குளிர்ச்சி என்று எண்ணுவது தவறு. தாழ்ந்த தடித்த முகில் குளிர்விக்கும்; உயரத்து மெல்லிய பனிமுகில் பெரும்பாலும் சூடாக்கும். உலகச் சராசரியில் சதுர மீட்டருக்குச் சுமார் 20 வாட் குளிர்ச்சியே மிஞ்சுகிறது. காபனீரொட்சைட்டு இரட்டித்தால் கூடும் வெப்பம் ஏறக்குறைய 4 வாட்தான். முகில் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் ஏன் பெரிய விடயமாகிறது என்பது இதிலேயே தெரியும்.

காலநிலையைக் கணினியில் கணிக்கும் உலக மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன; ஒரு கட்டம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலம். குடாநாட்டின் பெரும்பகுதி, சுற்றியுள்ள கடலோடு சேர்ந்து, அப்படி ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். சில நூறு மீட்டர் முகிலை அதில் நேரடியாகக் கணிக்க முடியாது. சூத்திரம் வைத்து மதிப்பிடுகிறார்கள்.

என் பார்வையில் மிக ஆபத்தான தவறு, மொத்தம் சரியாக வந்ததும் திருப்தி அடைவது. பல மாதிரிகளில் வெப்பமண்டலக் கடல்மேல் தாழ்முகில்கள் உண்மையைவிடக் குறைவு. இருக்கும் முகில்களோ அளவுக்கு மீறிப் பளிச்சிடுகின்றன. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், திரும்பிப் போகும் வெயிலின் தொகை சரியாகத் தெரிகிறது. நாளை முகில்பரப்பு மாறும்போது அந்த ஈடு நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அந்தாட்டிக்காவைச் சுற்றியுள்ள தென் சமுத்திரத்தில் வேறு கதை. அங்கே முகில் நீர், உறைநிலைக்குக் கீழேயும் திரவமாகவே நிற்கும். பழைய மாதிரிகள் அதைச் சீக்கிரம் பனியாக்கின. பனிமுகில் குறைவாகவே வெயிலைத் திருப்பும் என்பதால் கடல் அதிகம் சூடானது. இதைத் திருத்திய புதிய மாதிரிகள் சில, முன்னையதைவிடக் கூடிய வெப்பமாதலைக் காட்டின. காபனீரொட்சைட்டு இரட்டித்தால் 1.8 முதல் 5.6 பாகை செல்சியஸ் வரை சூடாகும் என்று மாதிரிகள் பிரிந்து நின்றன. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை அவதானிப்புகளையும் பழங்காலச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்து, 2.5 முதல் 4 வரை சாத்தியம் என்றது. முகில் மாற்றங்கள் மொத்தத்தில் வெப்பத்தைக் கூட்டும் என்றும் உறுதியாகச் சொன்னது. ஆகவே "மாதிரி பிழை, வெப்பமாதலும் பொய்" என்பது செல்லாது. உச்ச எண்ணை மட்டும் தூக்கிப் பிடிப்பதும் செல்லாது.

சரி, நம் ஊருக்கு? ஒரு பகுதியை மட்டும் கணிக்கும் பிராந்திய மாதிரி கட்டத்தைச் சிறிதாக்கும். ஆனால் அதன் எல்லைகளில் நுழையும் காற்றும் ஈரமும் உலக மாதிரியிலிருந்தே வருவதால் பிழையும் கூடவே வரும். வலிகாமத்து வெங்காயத்துக்கும் கிணற்று நீருக்கும் திட்டம் போடுபவர்கள் பல மாதிரிகளின் வீச்சை எடுத்து, இங்கே அளந்த மழைப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.