1938 என்று எழுதிய நீர்வண்ண ஓவியம்: தாளைப் பார்த்துத் தீர்ந்த குழப்பம்

குடத்தோடு நிற்கும் பெண், மூலையில் வங்காள எழுத்தில் கையெழுத்து, கீழே 1938. புகழ்பெற்ற வங்காள ஓவியர் நந்தலால் போஸ் வரைந்ததாக இருக்கலாம் என்றார் விற்றவர்.

இணையப் படத்தேடலில் சாந்திநிகேதன் பாணி (போஸ் ஆசிரியராக இருந்த வங்காளக் கலைப்பள்ளியின் பாணி) என்பதற்கு மேல் எதுவும் தேறவில்லை. ஏல நிறுவனம் ஒன்று, போட்டோவை வைத்துச் சொல்ல முடியாது என்றது, நியாயம்தான். நகைக்கடை லென்ஸில் அச்சுப் புள்ளிகள் தெரியவில்லை, தூரிகை வேலைதான். கையெழுத்தை ஒப்பிட்டே பல நாள் வீணாயிற்று.

அப்புறம் சட்டத்தைக் கழற்றி, இருட்டறையில் ரூபாய் நோட்டு பார்க்கும் யுவி டார்ச்சை அடித்தேன். ஓவியத் தாளை ஒட்டியிருந்த மவுண்ட் அட்டை பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. அதை நம்பக் கூடாது. அட்டை பிற்பாடு மாற்றியதாக இருக்கலாம். முன்பக்கத்தையும் வண்ணம் மறைத்துவிடும். தாளைத் தனியே எடுத்து, பசை படாத பின்பக்கத்தைப் பார்த்தேன். சோப்புத் தூளில் துவைத்த வேட்டி மாதிரி தாளே ஒளிர்ந்தது.

இப்படி ஒளிரச் செய்யும் வெண்மையூட்டிகள் காகிதத்தில் பரவலானது 1950 வாக்கில்தான். ஆக, 1938 பொய். (ஒளிராவிட்டால் பழசு என்று ஆகிவிடாது, இன்றும் வெண்மையூட்டி சேர்க்காத நல்ல தாள்கள் உண்டு.) அப்பாடா என்றிருந்தது. அலங்காரப் படத்துக்கான விலை பேசி முடித்தேன்.