‘ஹராம்’ என்று எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மக்காவுக்கு உம்ரா என்னும் புனிதப் பயணம் செல்வோருக்கான கையேடு ஒன்றைப் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது, ‘தடைசெய்யப்பட்ட பள்ளிவாசலுக்குள் வலது காலை முன்வைத்து நுழையவும்’ என்ற வரியில் என் பேனா நின்றுவிட்டது. ஹராம் என்றால் தடை என்ற ஒரே பொருளை மனத்தில் வைத்து, மக்காவின் மஸ்ஜிதுல் ஹராமை யாரோ அப்படி மொழிபெயர்த்திருந்தார். ஹ-ர-ம் என்னும் அரபு வேர் அத்துமீறக் கூடாதபடி எல்லை வகுக்கப்பட்டதைக் குறிக்கிறது. அந்த எல்லை ஒன்றின் தீமை கருதியும் வரலாம், அதன் கண்ணியம் கருதியும் வரலாம் என்பதால், இங்கே ‘புனிதப் பள்ளிவாசல்’ என்றோ ‘சங்கையான பள்ளி’ என்றோ எழுதுவதே முறை. முஹர்ரமும் இதே வேரில் பிறந்த பெயர்தான். போர் விலக்கப்பட்ட 4 புனித மாதங்களுள் அது ஒன்று என்பதால், பெயரை வைத்து அம்மாதத்தை ஆகாத மாதம் என்று கொள்வதற்கு இடமில்லை. வாசனைத் தைலம் பூசுவதும் நகம் வெட்டுவதும் மற்ற நாள்களில் ஆகுமானவை. ஆனால் அப்பயணத்துக்கான புனித நிலையாகிய இஹ்ராம் கட்டியபின் அவையே விலக்கப்பட்டவை ஆகின்றன.

விலக்கப்பட்ட பொருளைச் சொல்லும் இடத்திலும் ‘தடைசெய்யப்பட்டது’ என்றால் அரசாணை வாடை அடிக்கிறது. ‘விலக்கப்பட்டது’ என்பதே எனக்கு உவப்பு.

வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிற்கும் மக்ரூஹையும் ஹராம் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது இன்னொரு பிழை. ‘இது ஹலால், இது ஹராம்’ என்று நாவுக்கு வந்தபடி பொய்யாகச் சொல்லாதீர்கள் என்று குர்ஆனின் 16:116 வசனமே எச்சரிக்கிறது. மத்ஹபை, அதாவது மார்க்கச் சட்டப் பிரிவைக் குறிப்பிடாமல் பொதுவாக எழுதுவதும் தவறாகவே முடியும்: ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் காயல்பட்டினத்துக்காரருக்குக் கணவாய் என்னும் கடலுயிர் ஆகுமான உணவு, கடல் உயிர்களில் மீனை மட்டுமே ஏற்கும் ஹனஃபிகளுக்கு அது ஆகாது.

ஹராமையும், அசுத்தம் என்று பொருள்படும் நஜிஸையும் குழப்பிக்கொள்வோரும் உண்டு. பட்டும் தங்கமும் ஆண்கள் அணிவதற்கு ஹராம், ஆனால் அசுத்தம் அல்ல. திருடிய அரிசியைத் தொட்டவர் கை கழுவ வேண்டியதில்லை, உரியவரிடம் திருப்பித் தர வேண்டும்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் தேவை. மக்காவையும் மதீனாவையும் குறிக்கும் ‘ஹரம்’ குறில். விலக்கப்பட்டதைக் குறிக்கும் ‘ஹராம்’ நெடில். அதே கையேட்டில், கண்ணியமிக்க ஹரம் என்று பொருள்படும் ‘ஹரம் ஷரீஃப்’ என்பதில் ஒரு துணைக்கால் கூடிப்போய், ‘ஹராம் ஷரீஃபில் தொழுவதன் சிறப்பு’ என்று தலைப்பே அமைந்திருந்தது.