உறை போட்டும் கேம்பர் கெட்டுப்போவது ஏன்?

ஏழு மாதம் உறைக்குள் கிடந்த என் சின்னக் கேம்பர் டிரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், படுக்கை வசதியுள்ள வண்டி) கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடித்தது வாடைதான். சரியாகக் காயாமல் மடித்து வைத்த துணியில் வருமே, அந்த முடை நாற்றம். மெத்தையைத் தூக்கினால், பலகையைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கம் முழுக்கக் கரும்புள்ளி. கூரை எங்கும் ஒழுகவில்லை. கனமான தார்ப்பாயை நானேதான் இழுத்துக் கட்டியிருந்தேன். ஒரு சொட்டு மழை உள்ளே போகவில்லை. ஆனால் உள்ளே இருந்த ஈரம் வெளியே வரவும் நான் வழி விடவில்லை.

உறை என்றாலே மழையைத் தடுக்கத்தான் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. மூடி வைத்த பிறகும் வண்டி கெட்டுப்போகிறது என்றால், பெரும்பாலும் உள்ளே அடைபட்ட ஈரமோ, காற்றில் உறை உரசியதோதான் காரணமாக இருக்கும். இரண்டுமே உறையோடு வரும் வினை.

ஈரத்தின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் 13 கிராமுக்கு மேல் தாங்காது. சின்னக் கேம்பருக்குள் 15 கன மீட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் நிறைந்த அந்தக் காற்று ராத்திரி இவ்வளவு குளிர்ந்தால், சுமார் கால் லிட்டர் தண்ணீர் சுவரிலும் ஜன்னலிலும் முத்து முத்தாக நிற்கும். பகலில் ஆவியாகும், ராத்திரி மறுபடி இறங்கும். வெளியேற வழி இல்லாவிட்டால் அதே தண்ணீர் மாதக்கணக்கில் உள்ளேயே சுற்ற, பிளைவுட்டும் மெத்தையும் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் தார்ப்பாய் வேண்டாம் என்கிறேன். அதில் காற்று புகாது. போதாததற்கு, சாதாரண பாலித்தீன் தார்ப்பாய் வெயிலில் நொறுங்கிச் செதில் செதிலாக உதிரும். ஓரத்து உலோக வளையங்கள் ஒவ்வொரு காற்றுக்கும் பக்கச் சுவரில் தட்டும். கேம்பருக்கென்றே விற்கும் உறைகளில் காற்று புகும் துணியாகப் பாருங்கள். பல அடுக்கு பாலிபுரொப்பிலீன் துணியில் வருபவை உண்டு. பக்கவாட்டில் காற்றுப் போக மடிப்பு வைத்த திறப்புகள் இருந்தால் இன்னும் நல்லது. "நல்ல மழையில் லேசாக நனைகிறதே" என்று இந்த உறைகளைப் பலர் குறை சொல்வார்கள். நனையட்டும். நனைந்தது காய்ந்துவிடுகிறதா என்பதுதான் கேள்வி. இது புரிய எனக்கு ஒரு மெத்தை போனது.

துணி நல்லதாக இருந்தாலும் ஈர வண்டியை மூடினால் பலன் இல்லை. கழுவிய கையோடு உறை போடுவது எல்லோரும் செய்வதுதான். ஒன்றிரண்டு நாள் கதவு, ஜன்னல், அலமாரிகளைத் திறந்துபோட்டு நன்றாகக் காயவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் வடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் கதவுக்கு இடையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துத் திறந்தபடியே விடுங்கள். கழுவாமலே மூடுவது அதைவிட மோசம். கூரையில் படிந்த புழுதியின் மேல் துணி உரசினால், அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

ஒழுகும் கூரையை உறையால் மூடிச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். உறை போடுவதற்கு முன்பே கூரை மூலைகள், வென்ட்டை (காற்றுப் போகும் திறப்பு) சுற்றியுள்ள சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை), ஜன்னல் ஓரம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். சீலன்ட் வெடித்திருந்தால் அந்த இடத்தில் உள்சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிஸ்கட் மாதிரி அமுங்கினால் மரம் ஊறிவிட்டது என்று அர்த்தம். கூரை ரப்பராக இருந்தால் அதற்கென்றே உள்ள சீலன்ட்டைப் பூசுங்கள். பெட்ரோலியம் கலந்த எதையும் அதன் மேல் படவிடாதீர்கள், ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

அடுத்தது காற்று. அளவு பெரிதாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்று நினைத்துத் தொளதொள உறையை வாங்கிவிடுகிறோம். அது பாய்மரம்போலப் புடைத்து, அடங்கி, மறுபடி புடைத்து, ஒரு பருவம் முழுக்க வண்டியைத் தேய்க்கும். என் வண்டியின் இடப்பக்கம் ஜன்னலுக்குக் கீழே பிறை வடிவில் ஒரு கீறல் இருக்கிறது. உறையைக் கட்டும் பட்டையின் பிளாஸ்டிக் பக்கிள் ஊசலாடி ஊசலாடி ஒரே இடத்தில் இடித்துப் பெயின்ட்டைத் தின்றுவிட்டது. அக்ரிலிக் ஜன்னல் என்றால் கேட்கவே வேண்டாம், துணி பட்டாலே மங்கும். மென்மையான உள்துணி வைத்த உறையாக வாங்குங்கள், அல்லது ஜன்னல்மேல் முதலில் பஞ்சுத்துணியைச் சுற்றிவிடுங்கள்.

உறைக்கு அளவெடுக்கும்போது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்புச் சட்டத்தை விட்டுவிட்டு, பெட்டியின் நீளத்தை மட்டும் அளக்க வேண்டும் (விற்பவர் எதைக் கேட்கிறார் என்பதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்). ஏணி, ஆன்டெனா, மழைநீர் வழியும் ஓரத் தகடு, ஆனிங்கின் (பக்கத்தில் விரிக்கும் நிழல்துணி) கை என்று குத்தும் மூலைகள் எல்லாவற்றுக்கும் தொப்பி போடுங்கள். பிளந்த டென்னிஸ் பந்து, குழாய்க்குச் சுற்றும் ஃபோம், பழைய துண்டு, எது கிடைத்தாலும் சரி. இல்லையென்றால் உறை முதலில் கிழிவது அங்கேதான். அடிவழியாகப் பட்டையை மறுபக்கம் கொண்டுபோக வண்டிக்குக் கீழே தவழ வேண்டாம். பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் பட்டையின் நுனியில் கட்டி உருட்டிவிடுங்கள். பட்டை பிரேக் ஒயரையும் கேஸ் குழாயையும் அழுத்தாமல் போக வேண்டும். கட்டி முடித்ததும் தொங்கும் நுனிகளை மடித்துச் செருகிவிடுங்கள்.

கூரை தட்டையாக இருந்தால் மழைத் தண்ணீர் உறையில் குழியாகத் தேங்கும். ஒரு சதுர மீட்டர் குழியில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 50 கிலோ. கூரை வென்ட்டின் மூடிக்கு அது தாங்காது. ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கி மூக்கு தாழ நிறுத்தினால் தண்ணீர் தானாக வழிந்துவிடும். அதற்கு முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போட மறக்காதீர்கள். மரத்தடியில் நிறுத்தாதீர்கள், புல்தரையைவிடச் சரளையோ கான்கிரீட்டோ மேல், ஏனென்றால் மண்ணின் ஈரம் கீழிருந்தும் ஏறும்.

மூடியபின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மறந்துவிடுவதும் தவறுதான். கூரையில் சோலார் பலகை இருக்கிறது, பேட்டரியை அது பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நண்பர் நம்பியிருந்தார். உறைக்குள் ஏது வெயில்? பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி என்றால் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் சார்ஜ் செய்துகொண்டே இருங்கள். கேஸ் சிலிண்டர் வால்வை மூடுங்கள். உறை போட்டிருக்கும்போது உள்ளே அடுப்பையோ ஹீட்டரையோ ஒருபோதும் பற்றவைக்காதீர்கள்; கார்பன் மோனாக்சைடு வாடையில்லாமல் கொல்லும். ஈரம் உறிஞ்சக் கால்சியம் குளோரைடு வைப்பதாக இருந்தால் ஆழமான வாளியில் வைத்து ஸிங்க்குக்குள் இறக்குங்கள். அது கரைந்து வரும் உப்புநீர் சிந்தினால் உலோகத்தை அரிக்கும்.

பெரும்பாலான உறைகள் டயரை முழுதாக மறைப்பதில்லை. டயருக்குத் தனி மூடி வாங்கிப் போடுங்கள். அப்படியே பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓடித் தேயாமலே டயருக்கு வயதாகிவிடும்.

மாதம் ஒருமுறை, வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, கதவுப் பக்கத்து ஜிப்பைத் திறந்து உள்ளே போங்கள். மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், எலிப் புழுக்கை தென்படுகிறதா என்று அலமாரி மூலைகளைப் பாருங்கள், தளர்ந்த பட்டையை இறுக்குங்கள். பருவம் முடிந்து கழற்றும்போது உறையும் காய்ந்த பிறகே மடிக்கப்பட வேண்டும். அப்புறம், முன்பக்கத்து உள்விளிம்பில் மார்க்கரால் பெரிதாக 'முன்' என்று எழுதிவிடுங்கள். அடுத்த முறை, காற்று வீசும்போது, கூரைமேல் பாதி ஏறிய பிறகு முன்பின் மாற்றிப் போட்டிருக்கிறோம் என்று தெரிந்தால் வரும் எரிச்சல் இருக்கிறதே!