வறண்ட நிலத்தில் உப்பை அளப்பதும் வேருக்குக் கீழே இறக்குவதும்

மழை குறைந்த உள்நாட்டு நிலங்களில் பாசனம் செய்கிறவர்கள் தண்ணீரைக் கணக்குப் பார்த்துத்தான் விடுகிறார்கள். அந்தத் தண்ணீரோடு வரும் உப்பைக் கணக்கு வைப்பவர்கள் குறைவு. நல்ல கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லப்படும் நீரின் மின்கடத்துத்திறன் (சுருக்கமாக இ.சி.; கரைந்த உப்பு கூடக்கூட இதுவும் கூடும்) மீட்டருக்கு 1 டெசிசைமன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு இருக்கும். ஒரு பருவத்துக்கு 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர், அதாவது 1.3 டன் உப்பை நாமே நிலத்தில் கொட்டியிருக்கிறோம். செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பில் பெரும்பங்கை மண்ணில் விட்டுவிடும். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துப்போகும். மழை மிகுந்த நாட்டில் இந்த உப்பு கரைந்து ஆற்றுக்கும் கடலுக்கும் போய்விடும். கடலை எட்டாத வடிநிலங்களில் அது போக இடமில்லை. எனவே வேர் எட்டும் ஆழத்துக்குக் கீழே உப்பை இறக்குவதும், அங்கிருந்து அது திரும்ப ஏறாமல் பார்ப்பதும் பாசனத்தின் பாதி வேலை.

முதலில் அளவு. கையில் பிடிக்கும் இ.சி. மீட்டர் ஒன்று போதும். ஆனால் 1.413 டெசிசைமன்ஸ் தரக்கரைசலில் வைத்துச் சரிபார்க்காத மீட்டரின் எண்ணை நம்பக்கூடாது. சில மீட்டர்கள் மைக்ரோசைமன்ஸில் காட்டும், செ.மீ.க்கு 1,000 மைக்ரோசைமன்ஸ் என்றால் மீட்டருக்கு 1 டெசிசைமன்ஸ். கிணற்று நீரைச் சோதிக்க மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதன்பின் மாதிரி எடுக்க வேண்டும். குழாயில் தேங்கிய நீர் வேறு எண்ணைக் காட்டும். கோடையின் கடைசியில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை என்று இரண்டு அளவு தேவை. தண்ணீர் மட்டம் இறங்க இறங்க உப்பு ஏறும் கிணறுகள் பல உண்டு.

மண்ணை 0–15, 15–30, 30–60, 60–90 செ.மீ. என்று நான்கு ஆழங்களில் தனித்தனியாக எடுங்கள். நிழலில் உலர்த்தி, பொடித்து, சலித்த மண் 20 கிராமுடன் 100 மில்லி வாலைவடிநீர் அல்லது சுத்தமான மழைநீர் சேருங்கள். ஒரு மணி நேரத்தில் பலமுறை நன்றாகக் குலுக்கி, தெளியவிட்டு, மேல்நீரை அளக்க வேண்டும். பயிர்களின் தாங்குதிறன் அட்டவணைகள் எல்லாம் மண்ணைப் பசையாகக் குழைத்து வடித்த சாற்றின் இ.சி.யில்தான் இருக்கும். ஆகவே உங்கள் எண்ணை மணற்பாங்கான வண்டலுக்குச் சுமார் 14, நடுத்தர வண்டலுக்கு 9.5, கனத்த களிமண்ணுக்கு 6 என்று பெருக்கிக்கொள்ளுங்கள். வண்டலில் 0.4 வந்தால் உண்மையில் 3.8. ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) உள்ள மண்ணில் இந்த முறை உப்பைக் கூட்டிக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்கு எண்களையும் மேலிருந்து கீழாக எழுதிப் பார்த்தால் நிலத்தின் போக்கு தெரிந்துவிடும். கீழே போகப் போக உப்பு கூடினால், பாய்ச்சும் நீர் உப்பை இறக்கிக்கொண்டிருக்கிறது. மேல் மண்ணில் கூடுதலாகவும் கீழே குறைவாகவும் இருந்தால், உப்பு கீழிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது நிலையில் உரமும் கூடுதல் தண்ணீரும் பயன் தராது. நிலத்தடி நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உவர் வேறு, களர் வேறு. இதில் தவறினால் மீதி எல்லாம் வீண். பசைச் சாற்றின் இ.சி. 4-க்கு மேல், கார அமிலத்தன்மை (pH) 8.5-க்குக் கீழ் என்றால் அது உவர். மேலே வெள்ளையாக உப்பு பூக்கும், மண் பொலபொலவென்று இருக்கும், தண்ணீர் இறங்கும். மண்ணில் ஒட்டிய நேர்மின் அயனிகளில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டினால் அது களர். மழையில் சேறாகக் குழைந்து, காய்ந்தால் கல்லாக இறுகும். இதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கிண்ணத்தில் மழைநீரை ஊற்றி, பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியை மெல்ல வைத்துவிட்டு அசைக்காமல் விடுங்கள். இரண்டு மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவினால் சோடியம் மிகுந்திருக்கிறது. கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாகவே இருந்தால் பயமில்லை. உப்புள்ள கிணற்று நீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். உப்பே கலங்கலை அடக்கிவிடும்.

உவர் நிலத்துக்கு ஜிப்சம் வேண்டியதில்லை, தண்ணீரும் வடிகாலும் போதும். களர் நிலத்தில் வெறும் தண்ணீரை விட்டால் நிலை மோசமாகும். கரையும் உப்பு போய், சோடியம் மட்டும் மிஞ்சி, மண் அடைத்துக்கொள்ளும். அங்கே முதலில் ஜிப்சம். மண் பரிசோதனையில் நீக்க வேண்டிய சோடியம் 100 கிராமுக்கு 1 மில்லிஈக்விவலன்ட் (அயனிகளை அளக்கும் அலகு) என்றால், மேல் 15 செ.மீ. மண்ணுக்கு ஏக்கருக்குச் சுமார் முக்கால் டன் தூய ஜிப்சம் தேவை. நன்றாகப் பொடித்ததை வாங்கி, மேல் 10 முதல் 15 செ.மீ.க்குள் கலந்து உழுது, தண்ணீர் கட்ட வேண்டும். லிட்டர் நீரில் 2.4 கிராம் அளவுக்குத்தான் ஜிப்சம் கரையும். ஒரு டன் கரைய 4 லட்சம் லிட்டர், அதாவது ஏக்கர் முழுக்க 10 செ.மீ. நீர் வேண்டும். ஜிப்சம் போட்டும் பலனில்லை என்பவர்கள், போட்ட பின் எவ்வளவு தண்ணீர் உள்ளே இறங்கியது என்று பார்க்க வேண்டும்.

இனி, பயிர் நிற்கும்போது எவ்வளவு கூடுதலாகப் பாய்ச்சுவது? தண்ணீரின் இ.சி.யை எடுங்கள். பயிர் தாங்கும் பசைச்சாற்று இ.சி.யை 5-ஆல் பெருக்கி, அதிலிருந்து தண்ணீரின் இ.சி.யைக் கழியுங்கள். தண்ணீரின் இ.சி.யை இந்த எண்ணால் வகுத்தால் வருவது, உப்பை இறக்கத் தேவையான பங்கு. தண்ணீர் 2, தக்காளி தாங்குவது 2.5 என்றால் 2 ÷ (12.5 − 2) = 0.19. பயிருக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. தேவையானால் 5 ÷ (1 − 0.19), அதாவது 6.2 மி.மீ. கொடுக்க வேண்டும். அதே தண்ணீரில் மக்காச்சோளத்துக்கு (தாங்குவது 1.7) பங்கு 0.31, சோளத்துக்கு (6.8) வெறும் 0.06. பயிரை மாற்றினாலே தண்ணீர் மிச்சமாகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு இல்லை. எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு டெசிசைமன்ஸுக்கும் பீன்ஸ் விளைச்சலில் 19, தக்காளியில் 10, பருத்தியில் 5 விழுக்காடு குறையும். பீன்ஸின் எல்லை 1.0, பருத்தியின் எல்லை 7.7.

கூடுதல் நீரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் தர வேண்டியதில்லை. விதைப்புக்கு முன்னும், குளிர்ந்த மாதங்களிலும் மொத்தமாகக் கொடுப்பது நல்லது. ஆவியாகி வீணாவது குறையும். முளைக்கும் பருவம்தான் நலிவானது. வளர்ந்தபின் 8 வரை தாங்கும் பார்லிகூட முளைப்பருவத்தில் 4 அல்லது 5-ஐத் தாண்டினால் தடுமாறும்.

உப்பேறிய நிலத்தை மீட்க, தண்ணீரைத் தொடர்ந்து கட்டி நிறுத்தினால் ஓர் அடி மண்ணுக்கு ஓர் அடி நீர் சுமார் 80 விழுக்காடு உப்பை இறக்கும். அரை அடி நீர் பாதியை இறக்கும். தொடர்ந்து கட்டுவதைவிட, 5 முதல் 7 செ.மீ. விட்டு, இறங்கியபின் இரண்டு மூன்று நாள் பொறுத்து மறுபடி விடுவது சிக்கனம். தேங்கிய நீர் பெரிய துளைகள், வெடிப்புகள் வழியே ஓடிவிடும். நுண்துளைகளில் உள்ள உப்பு அப்படியே நிற்கும். இடைவெளி விட்டால் அது வெளியே கசிந்து வர நேரம் கிடைக்கும். அதற்கு முன் நிலத்தை மட்டப்படுத்துவது கட்டாயம். மேடாக நிற்கும் திட்டுகளில் நீர் நிற்காது. அங்கேதான் பயிர் சொட்டையாகும்.

பாரில் (இரு வாய்க்கால்களுக்கு இடையே உயர்த்திய மேட்டில்) நடும்போது உப்பு, நீர் நகரும் திசையில் போய் உச்சியில் சேரும். இரண்டு பக்கமும் நீர் ஓடும் பாரின் நடுவில் விதைத்தால் உப்பின் மேலேயே விதைத்ததாகும். அகலமான பாராக்கி, இரு சரிவுகளிலும் ஒவ்வொரு வரிசை நடுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று வாய்க்காலில் பாய்ச்சினால் உப்பு காய்ந்த பக்கத்துக்கு ஒதுங்கும். நனையும் பக்கத்தில் நடவேண்டும்.

சொட்டுநீரில் உப்பு நனைந்த வட்டத்தின் விளிம்பில் வளையமாகச் சேரும். பயிர் நிற்கையில் இது நன்மை. ஆபத்து மழையில் வருகிறது. சிறு தூறல் விழுந்ததும் பலர் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். அந்தத் தூறல் விளிம்பில் உள்ள உப்பைக் கரைத்து வேருக்குள் தள்ளும். இரண்டு நாளில் இலைநுனி கருகும். தூறும்போது சொட்டுநீர் ஓடட்டும். வட்டம் முழுக்க நனைந்து உப்பை அடியோடு இறக்கும் அளவுக்கு மழை பெய்தபின் நிறுத்தலாம். அடுத்த பயிரை முந்தைய குழாய் வரிசைகளுக்கு நடுவே நடாதீர்கள். முழுப் பாத்தியையும் தெளிப்பானாலோ மழையாலோ கழுவாமல் வரிசையை மாற்றக்கூடாது.

கடின நீரில் சொட்டுவாய்களைச் சுண்ணாம்பு அடைக்கும். அமிலம் செலுத்தி, குழாயின் கடைசியில் நீரின் கார அமிலத்தன்மை 4-க்கு வரச்செய்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, முனைகளைத் திறந்து கழுவிவிட வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. குளோரினும் அமிலமும் ஒன்றாகச் சேர்ந்தால் நச்சுவாயு வரும். இரண்டையும் ஒரே நாளில் கையாள வேண்டாம். தெளிப்பான் வைத்திருப்பவர்கள் உப்பு நீரை இரவில் தெளித்தால் இலைக்கருகல் குறையும்.

மூடாக்கு போட்டால் மேற்பரப்பில் ஆவியாவது குறைந்து, உப்பு ஏறுவதும் குறையும். விதைக்கு அருகில் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு உரம்) இடுவதைத் தவிர்த்துச் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் இடுங்கள்.

இத்தனைக்கும் அடிப்படை நீர்மட்டம். நிலத்தின் தாழ்ந்த பகுதியில் 2 மீட்டருக்குத் துளையிட்டு, பக்கங்களில் கீறல் போட்ட பி.வி.சி. குழாயை இறக்கி, வாரம் ஒரு முறை நீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று குறித்துவையுங்கள். 1.5 மீட்டருக்கு மேலே வந்துவிட்டால் மண்ணின் நுண்துளை வழியே நீர் ஏறி, உப்பை மேலே விட்டு ஆவியாகும். அந்த நிலையில் உப்பை இறக்க ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் மட்டத்தை இன்னும் உயர்த்தும். வடிகால் முதலில், கழுவுதல் பிறகு.

வடிந்த நீரைக் கண்ட இடத்தில் விடக்கூடாது. அமு தாரியா, சிர் தாரியா ஆறுகள் 1960-களிலிருந்து பருத்திக்குத் திருப்பப்பட்டதில் ஆரல் கடல் வற்றியது. அதன் தரையிலிருந்து உப்புத்தூசி காற்றில் பறந்து வயல்களில் விழுகிறது. கலிஃபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் வயல் வடிநீரோடு வந்து சேர்ந்த செலினியத்தால் நீர்ப்பறவைக் குஞ்சுகள் உருக்குலைந்து பிறந்தது 1983-இல் வெளிப்பட்டது. வடிநீரின் இ.சி.யையும் அளந்து, பருத்தி, பார்லி போன்ற தாங்கும் பயிருக்கு மறுபடி பயன்படுத்துங்கள். மிஞ்சுவதைக் கசியாத தரையுள்ள குட்டையில் வற்றவிடுங்கள். செலினியம், போரான், ஆர்செனிக் இருக்கின்றனவா என்று ஆய்வகத்தில் பார்த்த பிறகே அந்தக் குட்டையைத் திறந்தவெளியில் அமைக்கலாம். இருந்தால் பறவைகள் இறங்காதபடி வலை கட்டுவது அவசியம்.