சொட்டு ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்கும்போது

பச்சிளம் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தம் சில சொட்டுகள்தான். அதில் எலக்ட்ரோலைட் (சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகள்) பார்க்கும்போது இயந்திரத்தைச் சந்தேகிப்பதற்கு முன் குப்பியைப் பாருங்கள். மூடி திறந்தே இருந்ததா?

50 மைக்ரோலிட்டர் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) 5 மைக்ரோலிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால், லிட்டருக்கு 140 மில்லிமோல் இருந்த சோடியம் 155-ஐத் தாண்டிக் காட்டும். பெரிய குழாயில் அதே 5 மைக்ரோலிட்டர் போனால் யாருக்கும் தெரியாது. அதனால் சிறிய கப்பில் ஊற்றியதும் உடனே இயந்திரத்தில் ஓட்டுங்கள், இல்லையென்றால் மூடி வையுங்கள். வரிசையில் காத்திருக்கும் கப்புகள்தான் பெரும்பாலும் ஏமாற்றும்.

தவறு எங்கே என்று எண்களே சொல்லும். சோடியம், குளோரைடு இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறியிருந்தால் முதலில் ஆவியாதலை நினையுங்கள். பொட்டாசியம் மட்டும் ஏறியிருந்தால் சிவப்பணு உடைந்து உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே வந்திருக்கலாம். குதிகாலை அழுத்திப் பிழிந்தால் இது சாதாரணம். பொட்டாசியம் எகிறி கால்சியம் படுத்துவிட்டதா? இ.டி.டி.ஏ. குழாயிலிருந்து ஒரு துளி கலந்திருக்கும் (ரத்தம் உறையாமலிருக்க அதில் போடும் பொட்டாசியம் உப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்). அதனால் சிரையில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கும்போது எலக்ட்ரோலைட் சாம்பிளை எடுத்த பிறகு இ.டி.டி.ஏ. குழாயை நிரப்புகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். (குதிகால் குத்தில் வரிசை வேறு, அங்கே இ.டி.டி.ஏ. குழாய் முதலில்; குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அப்புறம், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போட்ட குழாய் என்றால் லித்தியம் ஹெப்பாரின்தான் சரி. சோடியம் ஹெப்பாரின் குழாயைப் பாதிதான் நிரப்பினால், அதிலுள்ள சோடியமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

சாம்பிள் போதவில்லை என்று தண்ணீர் விட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நேரடி மின்முனைக் கருவிகள் (சாம்பிளை அப்படியே அளப்பவை) தண்ணீர் கலக்காத சாம்பிளுக்காக அளவு திருத்தப்பட்டவை. கிடைத்த எண்ணைப் பெருக்கிச் சரிசெய்ய முடியாது.