மனநோயுள்ள எதிரியை வீட்டுக்கு விடக் கேட்கும் மனு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஜூனியர் தம்பி ஒருவர் மனு ஒன்றைக் காட்டினார். கொலை முயற்சி வழக்கு. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, மனச்சிதைவு, வழக்கைப் புரிந்துகொண்டு எதிர்வாதம் செய்யும் நிலையில் இல்லை என்று டாக்டர் சான்று கொடுத்துவிட்டார். கடைசிப் பத்தியைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி. தேதி பிசகு, பெயர்ப் பிழை எல்லாம் கோர்ட்டே மனுவைத் திருப்பித் திருத்த வைத்துவிடும், அதைப் பற்றி நான் பேசவில்லை.

உறுதிமொழியை வெறும் கையெழுத்தாக நினைப்பது

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் பிரிவு 330, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் பிரிவு 369. ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும் சரி, உள்நோயாளியாக வைத்துப் பார்க்கத் தேவையில்லை என்றால் எதிரியை ஜாமீனில் வெளியே விட வேண்டும். அதற்கு உறவினரோ நண்பரோ இரண்டு பொறுப்பு ஏற்க வேண்டும்: மிக அருகிலுள்ள மருத்துவமனையில் தொடர்ந்து ஓ.பி. சிகிச்சை வாங்கித் தருவது, அவர் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வது. "மிக அருகிலுள்ள" என்று சட்டமே சொல்கிறது. நாம்தான் அதைப் படிப்பதில்லை.

நான் அன்று எழுதிய வரி இதுதான்: பழக்கதோஷத்தில், சிகிச்சைக்குச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி என்று எழுதினேன். உத்தரவும் அப்படியே வந்தது. எதிரியின் அம்மா களையெடுக்கும் கூலி வேலை செய்பவர், நான் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். இரண்டு பஸ், ஒரு ரயில் ஏறி மகனை இரண்டு மாதம் கூட்டிப்போனார். மூன்றாவது மாதம் நடவு வேலை வந்தது, போக முடியவில்லை, மாத்திரை நின்றது. மகன் அண்ணனைக் கட்டையால் அடித்துக் கையை முறித்தான், ஜாமீன் ரத்தானது. அன்று அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துவிட்டுக் கேட்டார்: "இதே மாத்திரையப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியிலயே தர்றாங்களாமே சார்?" பன்னிரண்டு கிலோமீட்டர். நான் விசாரிக்கவே இல்லை. இன்னொருவர் அதே வரியை எழுதும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் மனு எழுதும் முன், அந்த ஊருக்கு என்ன பஸ் போகிறது என்று கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எங்கே, எந்தக் கிழமை பார்க்கிறார் என்று கேட்டு, அந்த இடத்தையே மனுவில் எழுதுங்கள். உறுதிமொழியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், நடவு நாளில் யார் கூட்டிப்போவார் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

பொறுப்பேற்க யாருமில்லை என்று கைவிடுவது

வெளியே விட முடியாதவரைப் பராமரிப்பும் பயிற்சியும் தரும் இல்லத்துக்கு மாற்ற அதே 369ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது.

விடுதலை என்றதும் வழக்குக் கட்டை மூடுவது

மனநிலை காரணமாக வழக்கிலிருந்தே விடுதலையானாலும் பி.என்.எஸ்.எஸ். 374இன் கீழ் காவலில் வைக்கலாம். உறவினர் மனுப் போட்டுப் பிணை கொடுத்தால் ஒப்படைக்கலாம். அந்த மனுவை நீங்கள்தான் போட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபின் மறப்பது

அசாமில் மச்சாங் லாலுங் 1951இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இலேயே அவர் தேறிவிட்டார் என்று சொல்லியும் சிறைக்குத்தான் போனார். 2005இல் ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தபோது வயது 77. இப்படி வைக்கப்பட்டவர்களைப் பற்றிய அறிக்கை குறித்த காலத்தில் கோர்ட்டுக்கு வந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டைரியில் குறித்துவையுங்கள். அறிக்கை வரவில்லையா, அன்றைக்கே மனுப் போட்டுக் கேளுங்கள்.