மெட்டு மறப்பதற்குள் பிடிக்க: டேப்லெட் இசைச் செயலி தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு காலத்தில் என் டேப்லெட்டில் ஒன்பது இசைச் செயலிகள் இருந்தன. மெட்டுகளோ, குரல் பதிவுச் செயலியில் முணுமுணுத்து வைத்த சில துண்டுகளைத் தவிர ஒன்றும் தேறவில்லை. ஒவ்வொரு செயலியையும் விமர்சனம் படித்து, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இறக்கினேன். ஒப்பிட்டது எல்லாமே தப்பான விஷயங்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறும் அதுதான். பாட்டை முடிப்பதற்கான செயலியை, பாட்டைத் தொடங்குவதற்காக வாங்குகிறோம். ஐபேடுக்கு 2023-இல் வந்த லாஜிக் ப்ரோ, அதற்கு வெகு முன்பே வந்த கியூபேஸிஸ் போன்றவை ஒரு முழு ஒலிப்பதிவுக்கூடத்தையே திரைக்குள் கொண்டுவருபவை. மிக்ஸிங் வரை போகலாம். ஆனால் மனதில் ஒரு பல்லவி ஓடிக்கொண்டிருக்கும்போது, புது ப்ராஜெக்ட்டா பழையதா, எந்த வகை டிராக், நூற்றுக்கணக்கான ஒலிகளில் எது என்று கேள்விகள் வரிசையாக வந்தால், மூன்றாவது கேள்வியிலேயே பல்லவியின் இரண்டாம் வரி காணாமல் போய்விடும்.

அம்சப் பட்டியலை மூடிவைத்துவிட்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். டேப்லெட்டைப் பூட்டி மேசையில் வையுங்கள். ஏதாவது ஒரு வரியை முணுமுணுத்துக்கொண்டே எடுத்து, செயலியைத் திறந்து, பதிவு ஓடத் தொடங்கும்வரை எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். பதினைந்து நொடிக்குள் என்றால் சரி. நான் ஆசையாக வாங்கிய ஒரு செயலி நாற்பது நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதில் பாதி நேரம் கணக்கில் உள்நுழையச் சொல்லி வந்த பெட்டியை மூடுவதிலேயே போனது.

கணினிக்கு லைவ் என்ற பெரிய மென்பொருளை வைத்திருக்கும் ஏபிள்டன் நிறுவனமே, 2022-இல் நோட் என்று தனியாக ஒரு சின்னச் செயலியை ஐஃபோனுக்கும் ஐபேடுக்கும் கொண்டுவந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பதிவுப் பொத்தானை அழுத்தாமல் சும்மா தட்டிப் பார்த்ததையும், 'அட, நல்லா இருக்கே' என்று தோன்றிய பிறகு பின்னோக்கிப் பிடித்துக்கொள்ளலாம். வாசித்த வேகத்தை வைத்து டெம்போவையும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதையும், அதுவே ஊகித்துக்கொள்ளும். சிவப்பு விளக்கு எரிந்ததும் விரல் விறைத்துப்போகிறவர்களுக்கு ஆயிரம் ஒலிகளைவிட இந்த ஒரு வசதி பெரிது.

ஒலிகள், லூப்கள் (திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத் துண்டுகள்) எத்தனை என்று பார்த்து வாங்குவதும் வீண்தான். மெட்டு பிடிக்க ஒரு பியானோ, ஒரு டிரம், மைக் போதும். லூப்களைக் கேட்கத் தொடங்கினால் ஒரு மணி நேரம் போகும், கடைசியில் யாரோ போட்ட தாளத்துக்கு நம் மெட்டு வளைந்துகொடுத்திருக்கும்.

அடுத்தது, செயலியின் மேல் பழி போடும் தவறு. 'இந்த ஆப்பில் தாளம் சேரவே மாட்டேங்குது' என்று சொல்பவரின் காதைப் பாருங்கள், அநேகமாக ப்ளூடூத் இயர்போன் இருக்கும். கணக்கு இதோ: நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றால் ஒரு துடிப்பு 500 மில்லி நொடி, அதில் கால் பங்கு 125. சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 150, 200 மில்லி நொடி தாமதமாக வருவது சகஜம். அதாவது நீங்கள் தட்டியது கால் துடிப்புக்கும் மேல் தள்ளித்தான் காதில் விழுகிறது. அதற்கு ஈடுகொடுத்து விரல் முந்திக்கொள்ளும், பதிவு கோணலாகும். பாட்டு கேட்க அது நல்ல கருவிதான், வாசிக்க ஆகாது. வயர் ஹெட்போனைச் செருகிவிட்டு மறுபடி சோதியுங்கள். வட்டத் துளை இல்லாத டேப்லெட் என்றால் யூஎஸ்பி-சி அடாப்டர் ஒன்று வேண்டும்.

வயர் போட்டும் ஒலி தாமதித்தால் செயலியின் பஃபர் அளவைப் பாருங்கள். ஒலியை வெளியே அனுப்பும் முன் செயலி சேர்த்துவைக்கும் துண்டின் அளவு அது. நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு அளவீடுகள்) என்ற வேகத்தில் பஃபரை 256 சாம்பிள் என்று வைத்தால் பஃபரால் வரும் தாமதம் சுமார் 6 மில்லி நொடி, 1024 என்றால் சுமார் 23. ஆண்ட்ராய்டில் இது கருவிக்குக் கருவி மாறும். குறைந்த தாமதத்துக்கென்றே ஆண்ட்ராய்டு 8-இல் ஏஆடியோ என்ற ஏற்பாடு வந்தது, இருந்தாலும் பலன் அந்தந்த டேப்லெட்டின் வன்பொருளைப் பொறுத்தது. அதனால் அடுத்தவர் ஐபேடில் கேட்டு மயங்கி, உங்கள் டேப்லெட்டுக்குக் காசு கட்டாதீர்கள். இலவசப் பதிப்பில் டிரம்மைத் தட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

முன்னிருப்பு அமைப்புகளைப் பார்க்காமலே ஒரு செயலியை ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. ஐபேடில் இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்டில் ஒரு பகுதியின் நீளம் முதலில் 8 பார் (தாளத்தின் எட்டுச் சுற்று) என்றுதான் இருக்கும். ஒரு பாருக்கு நான்கு துடிப்பு வரும் 4/4 தாளத்தில், 120 டெம்போவில், அது வெறும் 16 நொடி. சரணத்துக்குள் நுழைவதற்குள் பாட்டு தொடக்கத்துக்கே திரும்பிவிடும். பகுதி அமைப்பில் நீளத்தை 'தானியங்கி' என்று மாற்றினால் தீர்ந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் இப்படித் தீர்வு இருக்காது. உங்கள் மெட்டு ஐந்து அல்லது ஏழு எண்ணிக்கையில் வருமானால், அந்தத் தாளத்தைச் செயலி ஏற்குமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். கராஜ்பேண்டின் ஐபேடு பதிப்பு 4/4, 3/4, 6/8 என மூன்றைத்தான் தருகிறது. தாளம் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோநோமை அணைத்துவிட்டுச் சுதந்திரமாகப் பாடலாம்தான், அப்புறம் அதற்கு டிரம் சேர்க்கும்போது படும் பாடு தனி.

வெளியே எடுக்கும் வழியைப் பார்க்காமல் இருப்பதுதான் இருப்பதிலேயே விலை உயர்ந்த தவறு. மெட்டுகளைச் சட்டென்று பதிவதற்கென்றே ஆப்பிள் 2016-இல் மியூசிக் மெமோஸ் என்ற செயலியை வெளியிட்டது. வாசித்ததைக் கேட்டு கார்டுகளை (chord, ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) அதுவே குறித்துத் தரும், பின்னணிக்கு டிரம்மும் பேஸும் சேர்க்கும். 2021-இல் நிறுத்திவிட்டார்கள். பதிவுகளை வாய்ஸ் மெமோஸுக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள், எல்லாச் செயலிகளிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே முதல் நாளே பத்து நொடி எதையாவது பதிந்து, வெளியே எடுத்து, வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். குரலுக்கு வேவ் (WAV) ஒலி ஃபைல், வாசித்ததற்கு மிடி (MIDI) ஃபைல், அதாவது ஒலிக்குப் பதில் எந்த ஸ்வரம் எப்போது வாசிக்கப்பட்டது என்ற குறிப்பு. மிடி 1983-இல் வந்த ஏற்பாடு, இன்றைக்கும் அநேகமாக எல்லா இசை மென்பொருளும் அதைப் புரிந்துகொள்ளும். இலவசப் பதிப்பு என்றால் ஏற்றுமதிக்குப் பூட்டு போட்டிருக்கிறதா, சந்தா என்றால் கட்டுவதை நிறுத்தியதும் பழைய துண்டுகள் திறக்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது: தேடுவது. 'என் பாட்டு 12', 'என் பாட்டு 13' என்று செயலி பெயர் வைத்துக்கொண்டே போகும். மூன்று மாதம் கழித்து எதில் என்ன என்று யாருக்குத் தெரியும்? ப்ராஜெக்டைத் திறக்காமல் பட்டியலிலேயே கேட்க முடிகிற செயலி என்றால் அதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். இல்லையென்றால் வரியின் முதல் சொல்லையாவது பெயராக வைத்துவிடுங்கள். போன வாரம் ஒரு நல்ல பல்லவியைத் தேடி 'என் பாட்டு 41' வரை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அதில் இருந்தது நான்கு நொடித் தொண்டைச் செருமல்.